ஒரு பீப் லினக்ஸ், இரண்டு பீப் விண்டோஸ்

நேற்று நம் கம்ப்யூட்டர் மெக்கானிக் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "கஸ்டமர் வீட்டு டெஸ்க்டாப்புல பூட்லோடரை மாத்தணும். எதைப் போடலாம்?" அவர் கேட்டு முடிப்பதற்குள் ஆளாளுக்கு ஒரு பதில். அதைப் போடு, இதைப் போடு, பழசைத் துடைத்துவிடு, இந்தக் கட்டளையை அடி. ஒருத்தராவது "உன் கஸ்டமர் யாரு?" என்று கேட்டீர்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் பதில் தட்ட ஆரம்பித்து, கோபத்தில் பாதியிலேயே அழித்துவிட்டேன். ஓய்வு பெற்றவள் சிவனே என்று இருக்கலாம்தான். எனக்கு அது வராது. அதனால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

தொழிலுக்குப் புதியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சைப் போட்டதும் விண்டோஸோ லினக்ஸோ, எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் நேராக எழுந்து வருவதில்லை. அதற்கு முன்னால் ஒரு சின்ன நிரல் எழுந்து, இரண்டு சிஸ்டமும் இருக்கிற மெஷினாக இருந்தால் ஒரு பட்டியலைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். அதுதான் பூட்லோடர். அது மக்கர் பண்ணினால் உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தும் நம்மால் போக முடியாது. ஓடுகிற மெஷினில் அதைத் தொடாதே என்று எத்தனையோ பேரை நான் திட்டியிருக்கிறேன். அப்படித் திட்டிய நானே, ஒரு பெண்ணுக்குப் பரீட்சைக்கு முதல் நாள் அதை மாற்றினேன்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. திண்டிவனத்தில் எங்கள் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். வெளி வேலைக்குப் போவது குமரன். கை சுத்தம், வேலை வேகம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு சனிக்கிழமை மதியம் கண்டமங்கலத்திலிருந்து போன் வந்தது. இளம் பெண் குரல்.

"மேடம், என் பேரு ஸ்டெல்லா. உங்க கடையிலேர்ந்து வந்தவரு புது பூட்லோடர் போட்டுட்டுப் போனாரு. பாத்தவங்க எல்லாம் சூப்பரா கீதுன்னு சொல்றாங்க. எனக்குத்தான் ஒண்ணும் புரியல."

"இன்னாம்மா புரியல? பெருசு பெருசா படம் வருமே, அதுல ஒண்ணை செலக்ட் பண்ண வேண்டியதுதானே?"

"எனக்குக் கண்ணு தெரியாது மேடம்."

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு குமரனைப் பார்த்தேன். "டேய், அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. அதனாலதான் இருக்கறதுலயே பெருசா படம் வர்றதைத் தேடிப் போட்டேன்" என்றான், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு.

நான் அவனை அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றியது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அவனுக்குப் புரிந்த வரையில் அது உதவிதான். நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கே வருகிற வியாதி இது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்கிரீனைப் பார்த்துப் பார்த்து, கஷ்டம் என்றாலே எழுத்து சிறிசாக இருக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஸ்டெல்லா எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். அவளுடைய கம்ப்யூட்டர் கடையில் வாங்கிய ரெடிமேட் இல்லை. எந்த மதர்போர்டு, எந்த ஃபேன், எந்தக் கேபினெட் என்று அவளே கேட்டுக் கேட்டுப் பொறுக்கி அசெம்பிள் செய்தது. துளிச் சத்தம் போடாத கேபினெட். ஸ்கிரீனில் வருவதைக் குரலில் படிக்கிற மென்பொருளை வைத்துத்தான் அவள் வேலை செய்கிறாள். ஃபேன் இரைந்தால் குரல் அமுங்கிவிடும். உள்ளே விண்டோஸும் உண்டு, லினக்ஸும் உண்டு. இரண்டும் உள்ளே போய்விட்டால் பேசும். ஆனால் பூட்லோடர் பட்டியல் பேசாது. அவள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, பட்டியல் வந்திருக்கும் என்று உத்தேசமாகக் காத்திருந்து, கீழே போகும் பொத்தானை இத்தனை தடவை என்று எண்ணி அமுக்கி விண்டோஸுக்குப் போவாள்.

ஒரு நாள் லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது பட்டியலில் ஒரு வரி கூடிவிட்டது, மெமரியைச் சோதிக்கிற நிரல். அவள் எண்ணிய எண்ணிக்கையில் அதுதான் எழுந்தது. அது வாய் திறக்காமல் தன் பாட்டுக்குச் சோதித்துக்கொண்டே இருக்கும். முற்பகல் முழுக்க அவள் அதன் முன்னால் உட்கார்ந்து, மெஷின் செத்துவிட்டது என்று நினைத்து அழுதிருக்கிறாள். பிறகுதான் எங்கள் கடைக்குச் சொல்லியிருக்கிறார்கள், குமரன் போயிருக்கிறான்.

"திங்கக்கெழமை பத்து மணிக்கு எனக்கு டெஸ்ட்டு மேடம்" என்றாள். "சென்னை கம்பெனி. வெப்சைட்டுங்க எல்லாம் கண்ணு தெரியாதவங்களுக்கு ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாத்து சொல்ற வேலை. வீட்டுலேர்ந்தே பண்லாம். விண்டோஸுலயும் கேப்பாங்க, லினக்ஸுலயும் கேப்பாங்க. எது மொதல்ல, எத்தினி வாட்டி மாத்தணும்னு சொல்ல மாட்டாங்க. ரூம்ல நான் மட்டும்தான் இருக்கணும். பக்கத்துல போனை நிக்க வச்சு வீடியோ கால்ல பாத்துக்கினே இருப்பாங்க. வேற ஆளு வந்தா அவ்ளோதான், கேன்சல்."

புதுச்சேரியில் இரண்டு இடத்தில் இதற்கு முன் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உனக்குத் துணைக்கு யார் உட்காருவது என்று கேட்டார்களாம். இந்தப் பரீட்சையில் ரீஸ்டார்ட் ஆகும்போது, "அம்மா, ஸ்கிரீன்ல இன்னா வந்திருக்குது பாரு" என்று அவள் ஒரு தடவை கூப்பிட்டால் வேலை போய்விடும்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே குமரனை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். விழுப்புரத்தில் இறங்கி புதுச்சேரி பஸ் மாறினோம். பஸ் அன்றைக்கென்று உருட்டிக்கொண்டு போனது. ஜன்னலோர சீட்டில் என்னால் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியவில்லை. மாற்றுவதா வேண்டாமா? உள்ளே இருப்பதையே சரி பண்ணிக் கொடுத்தால் ஆபத்து குறைவு, ஆனால் நாளைக்கே இன்னொரு வரி கூடினால் அவள் மறுபடி இருட்டில் நிற்பாள். புதியதைப் போட்டால், போட்டது நடுவில் கவிழ்ந்தால், பரீட்சையே இல்லை. குமரன் மல்லாட்டையை உடைத்து உடைத்துக் கடலையைத் தின்றுகொண்டு வந்தான். எனக்கும் நீட்டினான். தின்கிற நிலையிலா இருந்தேன்?

வீட்டில் அப்பாவும் அம்மாவும் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். அப்பா புதுச்சேரி பக்கம் ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் போய் வருகிறவர். அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். "குந்துங்கக்கா, மொதல்ல டீத்தண்ணி குடிங்க" என்று அம்மா உபசரித்தார். நான் நின்றபடியே குடித்தேன்.

குமரன் ஆரம்பித்தான். "ஒண்ணும் இல்ல ஸ்டெல்லா, ரொம்ப யோசிக்காத. ஆன் பண்ணினா நேரா விண்டோஸ் வர்ற மாதிரி வச்சிடறேன். லிஸ்ட்டே வராது. லினக்ஸ் வேணும்னா உள்ளேர்ந்து ஒரு கமாண்டு. ஜல்தியா முடிஞ்சிடும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நானே தலையாட்டியிருப்பேன்.

"முடியும்ண்ணா" என்றாள் ஸ்டெல்லா. "ஆனா நடுவுல கரண்டு போச்சுன்னா? அப்டேட்டு வந்து தானா ரீஸ்டார்ட் ஆச்சுன்னா? திரும்ப ஒரே அமைதி. பேசற வரைக்கும் நான் எங்க கீறேன்னே தெரியாது. ஒருவேளை பேசவே இல்லன்னா? பெரிய படம் வேணாம், நேரா போறதும் வேணாம். எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியணும், அவ்ளோதான்."

எனக்கு அந்த இடத்தில்தான் தீர்மானம் வந்தது. வேறொரு பூட்லோடர் இருக்கிறது. பார்க்க அழகே கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஆனால் அதற்குள் ஒரு வசதி உண்டு. முதல் வரியில் நின்றால் ஒரு பீப், இரண்டாவது வரியில் நின்றால் இரண்டு பீப் என்று அடிக்கும். எழுத்துப் பொத்தான் ஒன்றை அமுக்கி நேரே போகிற வழியும் அதில் இருக்கிறது. ஆனால் பட்டியல் வந்ததா இல்லையா என்றே தெரியாதபோது எதை எப்போது அமுக்குவது? முதலில் சத்தம் வேண்டும்.

உங்களில் பலர் இங்கேதான் தப்பு செய்கிறீர்கள். புதியதைப் போடுகிற அவசரத்தில் பழையதைத் துடைத்துவிடுகிறீர்கள். குமரனும் "கிளீனா எடுத்துடலாம்க்கா" என்றான். "கைய வச்சே, கைய ஒடச்சிடுவேன்" என்றேன். மெஷினில் ஏற்கெனவே இருந்த பூட்லோடரைத் தொடாமல் அதன் இடத்திலேயே விட்டு, புதியதைப் பக்கத்தில் போட்டு, போர்டிடம் இதை முதலில் எழுப்பு என்று மட்டும் சொன்னேன். பிறகு வேண்டுமென்றே பழையதற்கு ஒரு தடவை திரும்பிப் போய், அது எழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போனேன். விழுப்புரத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளி, "உள்ள போற வழிய எவன் வேணாலும் சொல்வான், திரும்பி வர்ற வழிய நீ பாத்து வையி" என்பார். மனிதர் மகா சிடுசிடுப்பு. ஆனால் அந்த ஒரு பேச்சுக்காக அவரை மன்னிக்கலாம்.

பட்டியலில் இரண்டே வரி நிற்கும்படி செய்தேன். புதிதாக எதுவும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாதபடி அடைத்தேன். பீப் வசதியை இயக்கினேன். நாம் எதையாவது அமுக்கும் வரை பட்டியல் காத்திருக்கும்படி வைத்தேன். ரீஸ்டார்ட் செய்தோம்.

சத்தமே இல்லை.

பட்டியல் ஸ்கிரீனில் அழகாக நிற்கிறது. கீழே போனால் வரி மாறுகிறது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் செருகினேன், பூட்லோடர் செட்டிங்ஸைத் திறந்து மறுபடி படித்தேன், மறுபடி ரீஸ்டார்ட். எழுந்து ஜன்னல் வரை போய் வந்தேன். திரும்பவும் போய் வந்தேன்.

"மேடம்," என்றாள் ஸ்டெல்லா, "நீங்க நடந்துக்கினே இருந்தா எனக்கு எதுவும் கேக்காது. கொஞ்சம் நில்லுங்க."

நின்றேன். அவள் கேபினெட் மேல் காதை வைத்தாள். "உள்ள ஒரு டிக்குனு கூட இல்ல மேடம். சத்தம் போடற சாமான் உள்ள கீதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த பீப், பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரில் வராது. பழைய கேபினெட்டுகளில் போர்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்பு பஸ்ஸர் தொங்கும், ஸ்விட்சைப் போட்டதும் 'கீச்' என்னுமே, அதில்தான் வரும். இப்போது வருகிற கேபினெட்டுகளில் அதை யாரும் வைப்பதில்லை, கேட்பாரும் இல்லை. கேபினெட்டைத் திறந்து பார்த்தால், போர்டில் அதை மாட்டுகிற ஊசிகள் மட்டும் காலியாக நின்றன. சத்தமே வராத கேபினெட் என்று தேடி வாங்கியதில் இதுவும் போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கடை ஏது? "காயலான் கடை தொறந்திருக்கும்" என்றார் அவள் அப்பா. வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து விழுப்புரம் ரோட்டில் போனேன். வழியெல்லாம் அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசினார். எனக்கு எதிரே வருகிற லாரியைப் பார்த்து உயிர் போனது.

"பொண்ணுக்கு இதை வாங்கிக் குடுத்தப்போ ஊர்ல கேலி பண்ணாங்கம்மா. குருட்டுப் பொண்ணுக்கு டிவி பொட்டி வாங்கினு வந்துட்டான்னு. நாளைக்கு இது நடக்கலன்னா அவளுக்கு மனசு வுட்டுடும். அதான் எனக்கு பேஜாரா கீது."

"நடக்கும்" என்றேன். நடக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? ஆனால் வேறு என்ன சொல்ல?

காயலான் கடையில் பழைய கேபினெட்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. நான் புடவையைச் செருகிக்கொண்டு குவியலுக்குள் இறங்கியதும் கடைக்காரர் ஓடி வந்தார். "யக்கா, இன்னா தேடற? மதர்போர்டா, ரேமா?"

"பீப்புனு கத்துமே, அது."

"அதா? இவ்ளோண்டு பட்டாணிக்கா இம்மாம் தூரம் வந்த? முழு பொட்டியா எடுத்துக்கினு போயேன்!"

முதல் பெட்டியில் இல்லை. இரண்டாவதில் வயர் அறுந்து கிடந்தது. அடியில் துருப்பிடித்துக் கிடந்த ஒன்றில் ஒழுங்காக இருந்தது. கையெல்லாம் எலிப்புழுக்கை. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தேன், என்னவோ தாலிக்குண்டு மாதிரி.

திரும்பி வந்து ஊசியில் செருகினேன். ஸ்விட்சைப் போட்டது ஸ்டெல்லா.

பீப்.

அவள் கீழே போகும் பொத்தானை அமுக்கினாள். பீப், பீப். மேலே போனாள். பீப். அவள் முகம் விரிந்தது. "ஒண்ணு லினக்ஸு, ரெண்டு விண்டோஸு" என்றாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. உள்ளே போவாள், வெளியே வருவாள், ரீஸ்டார்ட், பீப், பீப் பீப். அவள் அம்மா சமையலறையிலிருந்து, "ஏண்டி, போதும்டி, ரிப்பேர் ஆயிடப் போவுது!" என்று கத்தும் வரை நடந்தது. நான் நடுவில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், கரண்டு போனால் எப்படி என்று. திரும்ப எழுந்து, பட்டியலுக்கு வந்து, பீப் அடித்துவிட்டுக் காத்திருந்தது.

கிளம்பும்போது அப்பா என்னைத் தடுத்தார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாங்கம்மா. பக்கத்து ரூம்ல சத்தம் போடாம குந்திக்கினு இருங்க. எதனா ஆனா..."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதே ஆசைதான். சரி என்று வாயெடுத்தேன்.

"வேணாம்ப்பா" என்றாள் ஸ்டெல்லா. "ஆளு கீதுன்னு தெரிஞ்சா நான் கூப்ட்டுடுவேன்."

இதற்கு மேல் அங்கே நிற்பது மரியாதை இல்லை. நல்ல மெக்கானிக் சரியான நேரத்தில் கிளம்பிப் போகவும் தெரிந்தவனாக இருக்க வேண்டும். எனக்கு அது சுலபமாக வரவில்லை. பஸ் ஸ்டாப் வரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை கடையில் நான் இருந்த கோலத்தைக் குமரனிடம்தான் கேட்க வேண்டும். குட்டி போட்ட பூனை மாதிரி உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்தேன். ஒரு பிரிண்டரைக் கழற்றி, எங்கே என்ன வைத்தேன் என்று மறந்து, அவனையே மாட்டச் சொன்னேன். பத்து மணி தாண்டியது. போனைச் சத்தமாக வைத்து, வேலை செய்கிறதா என்று கடை போனிலிருந்து அடித்தும் பார்த்தேன். அவன், "யக்கா, நீயே எழுதற மாதிரி கீது டெஸ்ட்டு" என்றான். "மூடு" என்றேன்.

மதியம் ஒரு மணி சுமாருக்கு அழைப்பு வந்தது. அவள் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. அதுவே எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"மேடம், நடுவுல ஒரு பிரச்சினை ஆயிடுச்சு."

"எழலையா?"

"எழுந்துச்சு. மொத வாட்டி மாத்தச் சொன்னாங்க, ரீஸ்டார்ட் பண்ணேன், பீப் அடிச்சுது. வீடியோல இருந்த சாரு உடனே, 'ரூம்ல யாரு? யாரு உனக்கு சிக்னல் குடுக்கறது?'ன்னு கேட்டாரு. யாரும் இல்ல சார், கம்ப்யூட்டருதான்னேன். 'கம்ப்யூட்டரு அப்படி அடிக்காது, டெஸ்ட்டை நிறுத்தறேன்'னாரு."

எல்லா வழியையும் யோசித்தேன்; கரண்டை யோசித்தேன், அப்டேட்டை யோசித்தேன், திரும்பி வருகிற வழியை யோசித்தேன். அந்தச் சத்தம் இன்னொருவர் காதில் எப்படி விழும் என்று யோசிக்கவே இல்லை. பாவி, எலிப்புழுக்கையில் தேடி எடுத்து நானே கொண்டுபோய் வைத்தேனே!

"அப்புறம்?" என்றேன்.

"போனை எடுத்து ரூமை ஒரு சுத்து காட்டினேன். அப்புறம் கேபினெட்டு மேலயே வச்சேன். 'சார், திரும்ப ரீஸ்டார்ட் பண்றேன். ஒண்ணு அடிச்சா லினக்ஸு, ரெண்டு அடிச்சா விண்டோஸு. நீங்க கண்ணை மூடிக்கினு, நான் எங்க நிக்கிறேன்னு சொல்லுங்க'ன்னேன்."

"மூடினாரா?"

"அது எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சிரித்தாள்.

"ரெண்டு அடிக்க வச்சேன். 'விண்டோஸ்'னாரு. கரெக்ட்டு சார், டெஸ்ட்டைத் தொடரலாமான்னு கேட்டேன். தொடர்ந்தோம். முழுசா முடிச்சிட்டேன் மேடம்."

"ரிசல்ட்டு எப்போ சொல்வாங்க?"

"கடைசியில அவரு, 'இதை யாரும்மா யோசிச்சது?'ன்னு கேட்டாரு. எனக்கு இன்னா வேணும்னு நான் சொன்னேன் சார், கடைக்காரங்க செஞ்சாங்கன்னேன். அதுக்கு அவரு, 'இன்னா வேணும்னு சொல்றதுக்குத்தான்ம்மா நாங்க ஆளு தேடறோம். ஒண்ணாந்தேதி சேந்துடு'ன்னாரு."

நான் கடை வாசலில் நின்று அழுதேன். பஸ் ஸ்டாண்டு ஜனம் எல்லாம் பார்க்க, வாய்விட்டு அழுதேன். குமரன் பயந்துபோய் உள்ளேயிருந்து ஓடி வந்து, "யக்கா, இன்னா ஆச்சு, பூட் ஆவலையா?" என்று கேட்டான். நான் போனை அவன் காதில் வைத்தேன், அவளே சொல்லட்டும் என்று.